பேல் மேல் வைத்த பழம்

ஏட்டி,

குதிகாலில் ஆணி ஏறிவிட்டது. தறி ஓடுகிற கொட்டகைக்குள், செட்டுக்குள், செருப்பில்லாமல் நடக்காதே என்று நீ தலையில் குட்டாத குறையாகச் சொல்வாய். கேட்டால்தானே. இன்று காலையில் கட்டு மாற்றப் போனேன். அந்த நர்ஸ் பிள்ளை கட்டுத்துணிப் பொட்டலத்தின் ஓரத்தைக் கிழித்ததும் வந்தது பார் அந்த வாசனை. சலவைக் காரமும் வெயிலில் காய்ந்த பருத்தியும் சேர்ந்த வாசனை. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடக்கிறவள் நான், எனக்கு அது சோறு வேகிற வாசனை மாதிரி பழகிப்போனது. ஆனால் பொட்டலத்துக்குள்ளிருந்து வரும்போது மட்டும் அது உன் வாசனை. மதுரை ஆஸ்பத்திரியில் உன் கட்டிலை ஒட்டி நான் உட்கார்ந்திருந்த அந்த மாசி மாதத்து வாசனை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வலிக்கா?" என்று கேட்டது அந்தப் பிள்ளை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் டெலிபோன் அடிக்கிறது. மதுரையில் ஆராய்ச்சி படிக்கிற ஒரு பெண். வெளிநாட்டுக் கம்பெனிகள் நம்மை மாதிரிச் சின்ன ஊருக்குள் எப்படி வருகின்றன, வந்து எப்படி வேர் பிடிக்கின்றன என்று எழுதப் போகிறாளாம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களைப் பார்க்க வேண்டுமாம். "நாளைக்கு வரலாமா ஆன்ட்டி?" என்றாள். வாம்மா என்று வாய் சொல்லிவிட்டது, நம் ஊர் வாய்க்கு வேறு என்ன தெரியும். ரிசீவரை வைத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். இதை உன்னை விட்டால் நான் யாரிடம் சொல்ல?

நீயும் அப்படித்தானே வந்தாய். எண்பதுகளின் கடைசி. நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வணிகவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் இங்கே அப்பா விட்டுப்போன தறிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். துணி நெய்து, சலவை போட்டு, காயவைத்து, மூட்டை மூட்டையாகப் பேல் கட்டி அனுப்புகிற பிழைப்பு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். படித்த ரெண்டு பேரில் ஒருத்தி புத்தகத்துக்குப் போனாள், ஒருத்தி பஞ்சுத் தூசிக்குப் போனாள். சனிக்கிழமையானால் பஸ் ஏறி வந்துவிடுவாய், தோள்பையில் சைக்ளோஸ்டைல் அடித்த கேள்வித் தாள்களோடு. "ஏட்டி, நான் டாக்டர் பட்டம் வாங்கப் போறேன்" என்றாய். "அப்போ ஊசி போடுவியாட்டி?" என்று கேட்டேன். தாள்கட்டால் என் மண்டையிலேயே அடித்தாய்.

உன் ஆராய்ச்சி என்னவென்று எனக்குப் புரியவைக்க நீ பட்ட பாடு இருக்கிறதே. அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பாடம் எடுப்பாய். "கடல் தாண்டிப் போற கம்பெனி புது மருமக மாதிரிட்டி. வந்த வீட்டுல மொதல்ல அடுப்படி எங்க இருக்குன்னு பாக்கும். பொறவு யாரு யாரோட பேச மாட்டாகன்னு பாக்கும். சாவி எங்க தொங்குதுன்னு கடைசியிலதான் பாக்கும்." அம்புட்டுப் பணமும் மிஷினும் வைத்திருக்கிறவனுக்கு நம் ஊரில் என்னட்டி பயம் என்று கேட்டேன். "ஊரு தெரியாதுல்ல. எவன் எவனுக்கு உறவு, எவன் சொல்லு எடுபடும், சரக்கு எந்த வழியா நகருது, ஒண்ணும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவியளுக்குப் பெரிய சுமை. அதனால தெரிஞ்ச ஆளைத் தேடுவாக" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. "வாரவன் என்ன கொண்டு வாரான்னு பாக்காத. என்ன கேக்கான்னு பாரு."

நம் தெருவில் உனக்குக் கம்பெனி டீச்சர் என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு செட்டு விடாமல் ஏறி இறங்கினாய். எதிர் வரிசையில் செட்டு வைத்திருந்த சுலைமான் மாமா உன்னைக் கண்டாலே, "கேள்வித் தாளு வந்துருச்சு, பாஸ் பண்ணுதேனோ பெயிலாப் போறேனோ" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அப்பாவுக்குப் போட்டிக்காரரும் அவர்தான், சிநேகிதரும் அவர்தான். அப்பா போன அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் முதலில் வந்து நின்றவர். என்னைத் தாயி என்று தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் செட்டில் நின்றுகொண்டிருந்தபோதுதான் நீ அதைப் பார்த்தாய். எங்கள் தள்ளுவண்டி ஒரு பேலைக் கொண்டுவந்து இறக்குகிறது. பேல் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம். "இதென்ன மாமா, பூசைக்கா?" என்று கேட்டாய். மாமா சிரித்தார். "கைமாத்து திரும்புது டீச்சரம்மா." உனக்கு விளங்கவில்லை. பிறகு வீட்டு அடுப்படியில் கீரை உருவும்போது நான்தான் சொன்னேன். ஒருத்தருக்கு ஆர்டர் முட்டிக்கொண்டு வரும்போது சரக்கு குறைந்தால் பக்கத்துச் செட்டில் கேட்போம். அவர் கட்டி வைத்த பேலைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. நம்மிடம் சரக்கு சேர்ந்ததும் திருப்பி அனுப்புவோம், மேலே ஒரு சீப்புப் பழம் வைத்து. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா, அது மாதிரி. பழத்தைப் பார்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காத ஆட்கள்கூட இதில் மட்டும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

உன் கண் அப்படியே விரிந்தது ஏட்டி. இப்போதும் தெரிகிறது எனக்கு அந்தக் கண். "அப்போ ஒரு பேலுக்குள்ள இருக்கிறது யாரு துணின்னு யாருக்கும் தெரியாதா?" என்றாய். தெரிந்து என்ன ஆகப் போகிறது என்றேன். நீ கீரையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாய். "எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும் இந்த ஊரை ஒண்ணும் பண்ண முடியாதுட்டி! ஒருத்தனை விழுத்தாட்டினா பக்கத்துல உள்ளவன் தாங்கிப்பான். நான் தேடிக்கிட்டு இருந்தது இதைத்தான்" என்று அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தாய். புத்தகத்தில் எவனும் எழுதாத சங்கதி உனக்கு அகப்பட்டுவிட்டது. அன்றைக்கு நீ என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளின கிள்ளு இருக்கிறதே, சிவந்துபோய்விட்டது.

அதைத்தான் நீ மதுரையில் அந்தக் கருத்தரங்கில் போய்ப் பேசினாய். தொண்ணூறுகள் தொடங்கிவிட்டிருந்தன. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இனிமேல் கதவு திறந்தாயிற்று என்று பேப்பரில் தினம் ஒரு செய்தி. உன் பேச்சுக்குக் கை தட்டினார்களாம். உன் வழிகாட்டிப் பேராசிரியரே எழுந்து வந்து கை கொடுத்தாராம். மறுநாளே பஸ் பிடித்து வந்து எனக்கு நடித்துக் காட்டினாய், யார் எப்படி உட்கார்ந்திருந்தார்கள், யார் தூங்கினார்கள் என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசியில் சொன்னாய், முன் வரிசையில் ஒரு பெரிய மனுஷர் இருந்தார் என்று. மருத்துவத் துணி விற்கிற ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸ்காரர். டீ குடிக்கிற நேரத்தில் உன்னைத் தேடி வந்து ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். "அந்தப் பழம் வைக்கிற விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்னு கேட்டாருட்டி" என்றாய். பெருமையில் உன் முகம் கொள்ளவில்லை. எனக்கும் பெருமைதான். என் செட்டு மதுரை வரைக்கும் போய்விட்டதே என்று. அவர் என்ன கேட்டார் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தை பிறந்ததும் அவர் ஊருக்கே வந்துவிட்டார். நீதான் கூட்டிக்கொண்டு வந்தாய். வெள்ளைச் சட்டை, நல்ல தமிழ், சிரித்த முகம். நம் வீட்டு நாயைப் பற்றி உனக்குத் தெரியும், தபால்காரரைப் பார்த்தே வருஷக்கணக்காகக் குரைத்துக்கொண்டிருந்த சனியன். அது அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. கோழி அடித்துச் சோறு போட்டேன். செட்டைச் சுற்றிக் காட்டினேன். நூல் வருகிற இடம், சலவைத் தொட்டி, காயப்போடுகிற களம், ஒன்று விடவில்லை. வந்த விருந்தாளிக்கு மறைக்கிற பழக்கம் இந்த ஊருக்கு ஏது. பேல் அடுக்கியிருந்த மூலையில் வந்து நின்றார். அன்றைக்கென்று எனக்கு ஒரு கைமாத்து திரும்பியிருந்தது. பழத்தின் மேல் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு உன்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுதான் அந்தப் பழமா?" என்றார். நீ சந்தோஷமாகத் தலையாட்டினாய். ஒரு பழம் எடுத்துக்கோங்க சார் என்றேன் நான். அவர் எடுக்கவில்லை. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.  சாருக்குப் பழம் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்டர் வந்தது ஏட்டி, கொட்டோ கொட்டென்று வந்தது. எனக்கு, சுலைமான் மாமாவுக்கு, நம் தெருவில் ஏழெட்டுப் பேருக்கு. நின்றுபோயிருந்த தறியெல்லாம் ஓடின. பட்டாசு வெடிக்காத குறைதான். கூடவே ஒரே ஒரு விதி. ஒரு செட்டுக்குக் கொடுத்த ஆர்டரில் அந்தச் செட்டுத் துணி மட்டும்தான் இருக்க வேண்டும். வேறு செட்டுத் துணி கலந்தது தெரிந்தால் கொடுத்தவர், வாங்கினவர் ரெண்டு பேருக்கும் இனி ஆர்டர் கிடையாது. அந்த விதியை எப்படிக் குற்றம் சொல்வாய்? புண்ணில் வைக்கிற துணி. கெட்டுப்போனால் யார் செட்டிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்தானே. எல்லோரும் நியாயம்தான் என்றார்கள். நானும் நியாயம்தான் என்றேன். நீ மட்டும் அதைக் கையில் வாங்கி ரெண்டு தடவை படித்தாய். எப்போதும் கடைசி பஸ் வரை இருக்கிறவள், அன்றைக்குச் செத்த நேரத்தில் எழுந்து போய்விட்டாய்.

பிறகு தெருவில் ஒரு மாதிரி அமைதி வந்தது. தறிச் சத்தம் முன்னைவிடக் கூடத்தான் கேட்டது, ஆனால் தள்ளுவண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு எதுவும் போகவில்லை, வரவில்லை. சாயங்காலம் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிற ஆட்கள் சரக்குப் பேச்சு வந்தால் பேச்சை மாற்றினார்கள். யாராவது ஆடிட்டர் மாதிரி ஒருத்தன் சைக்கிளில் போனால்கூட எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பழக்கடை மூக்கம்மா என்னிடம் கேட்டாள், "என்ன தாயி, உங்க தெருவுல யாருக்கும் பழம் பிடிக்கலயா இப்பம்?" என்று. நான் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஐப்பசி. மேற்கே மலை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று காலையிலேயே பேச்சு. களத்தில் என் துணி அத்தனையும் விரித்துக் கிடந்தது. சுருட்டுவதற்குள் அடித்துவிட்டது மழை. சேறு போக அலசிப் போட்டால் காய வெயில் இல்லை. ஈரத்தில் கிடந்து பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தூத்துக்குடிக் கப்பலுக்கு அந்த வாரம் லாரி ஏற்றியாக வேண்டும். குறைந்தது கொஞ்சம்தான் ஏட்டி, அஞ்சு பேல். முன்னையெல்லாம் என்றால் நான் அடுப்படியில் இருந்துகொண்டே ஆளை அனுப்பியிருப்பேன். ஆர்டர் தவறினால் செட்டு போய்விடும் என்று எனக்குத் தெரியும். அப்பா கையால் வைத்த செட்டு. அதை நம்பித் தறியில் நிற்கிற அத்தனை குடும்பம். நீ அன்றைக்கு இருந்தாய், மழையில் நனைந்துகொண்டு வந்திருந்தாய். "நான் மாமாகிட்ட கேக்கப் போறேன்" என்றேன். "போகாதட்டி" என்றாய். நான் கேட்காமல் குடையை எடுத்தேன். நீ பின்னாலேயே வந்தாய்.

மாமா வீட்டுக் கதவு எப்போதும் அகலத் திறந்து கிடக்கும். அன்றைக்கு ஒருச்சாய்த்து இருந்தது. இடுக்கில் அவர் நின்றார். மழையில் நிற்கிறவளை உள்ளே வா என்று சொல்லவில்லை. சுலைமான் மாமா ஏட்டி! நான் நடை பழகினதே அவர் செட்டுக் களத்தில்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கை ரெண்டையும் கும்பிட்டுவிட்டார். "கேக்காத தாயி. நீ கேட்டா நான் இல்லைன்னு சொல்லணும். அந்தச் சொல்ல என் வாயில வர வச்சிராத." அவருக்குப் பின்னால் சுவரோரம் பேல்கள் அடுக்கி இருப்பது எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. திரும்பிவிட்டேன். அவர் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நீ தெருவிலேயே நின்றுவிட்டாய். குடையைப் பிடிக்க மறந்து நின்றாய். "ஏட்டி, இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றாய். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது ஆத்திரம், யார் மேல் என்றே தெரியாத ஆத்திரம். வாட்டி வீட்டுக்கு, காய்ச்சல் வந்து தொலையும் என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அடுத்த ஆர்டரும் வரவில்லை. பாதித் தறியை எடைக்குப் போட்டேன். அதை லாரியில் ஏற்றினபோது நான் கொல்லைப்புறத்தில் போய் நின்று அழுதேன், சத்தம் போட்டு அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம். எனக்கு அடுத்து இன்னொருத்தர். அவருக்கு மோட்டார் எரிந்தது. பிறகு ஒருத்தர், தகப்பனுக்கு உடம்பு முடியாமல் ஒரு வாரம் செட்டைப் பூட்டினார், அதோடு போயிற்று. முன்பும் மழை பெய்தது, மோட்டார் எரிந்தது, தகப்பன்மார் படுத்தார்கள். அதற்காக யாரும் செட்டை மூடவில்லை. கொஞ்ச வருஷத்தில் ஊருக்கு வெளியே அந்தக் கம்பெனியே பெரிய சலவை ஆலை கட்டிவிட்டது. மிஞ்சினவர்கள் எல்லோரும் இப்போது அதற்குத்தான் நெய்து போடுகிறோம். கூலிக்கு, அதே விதிக்கு உட்பட்டு. யாரும் நம்மைத் துரத்தவில்லை ஏட்டி. வாசலில் வந்து ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் பயமாக இருக்கிறது.

நீ வருவது நின்றுபோனது. ரெண்டு மூணு சனிக்கிழமை பார்த்துவிட்டு நானே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். தேரடிப் பக்கத்து உன் வீட்டில் மேசை நிறைய டைப் அடித்த தாள்கள். கைமாத்தைப் பற்றி எழுதின அத்தியாயத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டாயாம். "அது இல்லாட்டி இதுல புதுசா என்ன இருக்கும்மா?" என்று உன் பேராசிரியர் கேட்டாராம். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாயாம். உன்னைக் காய்ச்சி எடுத்தேன் அன்றைக்கு. "அறிவு இருக்காட்டி உனக்கு? அந்தக் கம்பெனிக்காரன் போற நாடெல்லாம் இதே விதியைத்தான் போடுதானாம். லாரிக்காரன்ல இருந்து எல்லாரும் சொல்லுதாக. நீ பேசாட்டாலும் போட்டிருப்பான்." நீ என்னையே பார்த்தாய். "அப்படின்னா ஏன் அந்தப் பழத்தை அப்படித் தொட்டான்?" என்றாய்.   உண்மையிலேயே உன்னால் வந்ததா, வர வேண்டியது வந்ததா, அந்த மனுஷரிடம் போய் யார் கேட்பது? நீ அதைக் கேட்டுக் கேட்டே உடம்பைக் கெடுத்துக்கொண்டாய். டாக்டர் பட்டம் என்னாச்சு டீச்சர் என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொள்வாய். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

பிறகு மதுரை ஆஸ்பத்திரி. சிறுநீரகம் ரெண்டும் கைவிட்டுவிட்டது. கையில் ஊசி குத்தின இடம் ஆறாமல் கிடந்தது. நர்ஸ் பொட்டலத்தைக் கிழித்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டே மூச்சை இழுத்தாய். "ஏட்டி, இது உன் துணியாட்டி?" வாங்கிப் பார்த்தேன். பொட்டலத்தின் மேல் அந்தக் கம்பெனிப் பெயர் மட்டும்தான் இருந்தது. "தெரியலட்டி. யாரு துணியோ" என்றேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வயிறு வலிக்கிற சிரிப்பு. "யாரு துணின்னு தெரியணும்னுதானட்டி விதியைப் போட்டான்?" நர்ஸ் நம்மைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நீ என் புறங்கையைத் தட்டிக்கொண்டே இருந்தாய். அந்த வாரமே போய்விட்டாய், பாவி.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ போன பிறகு வந்த ஆடியில், உச்சி வெயிலில், என் செட்டு வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. மேலே தார்ப்பாய். பின்னால் சுலைமான் மாமா கம்பு ஊன்றிக்கொண்டு வருகிறார். அந்த மழைக்குப் பிறகு ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பேசினதில்லை. தார்ப்பாயை விலக்கினால் அஞ்சு பேல், மேலே ஒரு சீப்புப் பழம். "என்ன மாமா இது? உங்களுக்கு நான் எதுவும் கொடுக்கலையே, எதைத் திருப்புதீக?" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்குக் கேக்க வந்தேல்ல தாயி." அவ்வளவுதான். நான் அவரை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். 

அதிலிருந்து மறுபடியும் நடக்கிறது ஏட்டி. நாலைந்து செட்டுதான். தார்ப்பாய் போட்டு மூடித்தான் வண்டி வருகிறது. பழம் வைக்க வேண்டாம், அது காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒருவர் சொன்னார். மாமா கேட்கவில்லை, பழம் இல்லாமல் அனுப்பினால் அது கைமாத்தே இல்லை என்றுவிட்டார். போன மழைக்கு ஒரு செட்டும் மூடவில்லை. ஆலைக்காரர்களுக்குத் தெரிந்தால் நாலைந்து பேரும் ஒரே நாளில் போய்விடுவோம். இந்த வயதில் மாமா எங்கே போவார்? அதனால்தான் டெலிபோனை வைத்ததும் எனக்குப் பயம் வந்தது. நாளைக்கு அந்தப் பெண் என்ன கேட்பாளோ. மீதியை அவள் போன பிறகு எழுதுகிறேன்.

வந்துவிட்டுப் போய்விட்டாள். இப்போதுதான் போனாள். ஒல்லியாக, உன்னை மாதிரியே பையைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு. கேள்வித் தாளுக்குப் பதிலாகச் சின்ன டேப் ரிக்கார்டர். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துச் சோறு போட்டேன். செட்டைச் சுற்றிக் காட்டினேன். அவளுக்கு எல்லாமே ஆச்சரியம். சலவையைப் பற்றிக் கேட்டாள், கூலியைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். பிறகு பேல் மூலைக்கு வந்தோம். காலையில் மாமா வீட்டிலிருந்து ஒரு பேல் திரும்பியிருந்தது. வந்ததும் ஒளித்து வைக்க வேண்டும் என்று ராத்திரியே நினைத்தவள், புண் காலோடு அலைந்ததில் மறந்தே போய்விட்டேன்.

"இதென்ன ஆன்ட்டி, பேல் மேல வாழைப்பழம்?" என்றாள். உன் கண் ஏட்டி அவளுக்கு. அப்படியே விரிகிறது.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கைமாத்து, மாமா, நீ, உன் அத்தியாயம், எல்லாம். சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! என் கன்னத்தைக்கூடக் கிள்ளியிருப்பாள்.

"பசிச்சா திங்கத்தான் வச்சிருக்கு. எடுத்துக்கோம்மா" என்றேன்.

ரெண்டு பழம் சாப்பிட்டாள். "மழைக்காலத்துல சரக்கு குறைஞ்சா என்ன செய்வீங்க ஆன்ட்டி?" என்றாள். குறையாதும்மா என்றேன். "எப்பவுமேவா?" எப்பவுமே என்றேன். ரிக்கார்டரை அணைத்தாள். வாசலுக்குப் போகும்போது திரும்பி, "உங்க ஊரைப் பத்தி நல்லா எழுதுவேன் ஆன்ட்டி, பாருங்க" என்றாள்.

பழைய நாய் செத்துப்போய் இது புது நாய். இதுவும் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

நல்ல பிள்ளைதான் ஏட்டி. நீயும் நல்ல பிள்ளைதானே.